வண்ணத்துப்பூச்சி குறைந்த ஆண்டு

சென்னையில் அக்டோபர் மழையை நாள் எண்ணிக் காத்திருப்பவர்கள் இரண்டு வகை. ஏரிகளின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு வகை. கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு பூங்கா பூங்காவாக வண்ணத்துப்பூச்சி தேடுபவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் கணக்கு ஒன்றுதான். நகரத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. அந்த மூன்று மாதம் ஏமாற்றிவிட்டால் அடுத்த ஆண்டு குழாயிலும் தண்ணீர் வராது, பூச்செடியிலும் சிறகடிப்பு இருக்காது.

மழைக்கும் சிறகுக்கும் உள்ள தொடர்பு இலை வழியாக ஓடுகிறது. முதல் நல்ல மழைக்குப் பிறகு செடிகள் துளிர்விடுகின்றன. தாய்ப்பூச்சி அந்த இளந்தளிரைத் தேடித்தான் முட்டையிடும், ஏனென்றால் அப்போது பொரித்த புழுவின் வாய்க்கு முற்றிய இலை ஆகாது. முட்டை மூன்று முதல் ஐந்து நாளில் பொரிகிறது. புழு இரண்டு மூன்று வாரம் தின்று வளர்கிறது. கூட்டுப்புழு ஒன்றரை வாரம் போலத் தொங்கிவிட்டு வெடிக்கிறது. ஆக, ஒரு தலைமுறைக்குச் சுமார் ஒரு மாதம். அக்டோபரில் துளிர்த்த இலை நவம்பரில் சிறகாகிறது. அந்தச் சிறகுகள் இட்ட முட்டைகள் டிசம்பர், ஜனவரியில் பெருகுகின்றன. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வண்ணத்துப்பூச்சிகள் கண்ணை நிறைக்கும் காலம் இதுதான். ஏப்ரலுக்குப் பிறகு வெயில் ஏற ஏற எண்ணிக்கை இறங்கிவிடும். ஜூலை, ஆகஸ்ட் மாலை மழைகள் ஒரு சிறு எழுச்சியைக் கொடுக்கும்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அடுத்தடுத்த தலைமுறைகள் மெலிந்துபோகும். 2016இல் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. சுமார் 140 ஆண்டுகளில் அவ்வளவு மோசமான பருவமழையை மாநிலம் கண்டதில்லை. போதாக்குறைக்கு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரத்தின் மேலேயே கரையேறியது. ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே பிற்பகலில் சாய்ந்தன. நின்ற மரங்களிலும் இலைகள் காற்றில் கிழிந்து, கருகித் தொங்கின. தின்ன இலையில்லை, தங்க நிழலில்லை, துளிர்க்க மழையுமில்லை. 2018இல் பருவமழை மறுபடி பொய்த்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மனிதருக்கே லாரித் தண்ணீர் என்ற நிலையில் பூங்காச் செடிகளுக்கு யார் ஊற்றுவார்கள்?

மழை கூடினாலும் ஆபத்துதான். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையும் வந்தது, வண்ணத்துப்பூச்சிகள் பெருகும் உச்ச காலத்தில். இடைவிடாத மழையில் பூச்சியால் பறக்க முடியாது. பறக்காமல் தேன் குடிக்கவோ இணை தேடவோ வழியில்லை. தரையோரச் செடிகளில் இட்ட முட்டைகளும் புழுக்களும் நீரோடு போய்விடும். அடையாற்றங்கரையின் தாழ்வான பகுதிகளில் செடிகள் நாள்கணக்கில் நீருக்குள் மூழ்கிக் கிடந்தால் கூட்டுப்புழுக்களும் மிஞ்சுவதில்லை.

வானிலையை மட்டும் குற்றம் சொல்லிவிடவும் கூடாது. வண்ணத்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைக்கும் மிகச் சிறிய குளவிகள் உண்டு. புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதைத் தின்றுவிடும் குளவிகளும் ஈக்களும் உண்டு. ஓர் ஆண்டு புழுக்கள் பெருகினால் அவற்றை நம்பி இவையும் பெருகும். அடுத்த ஆண்டு புழு குறையும். புழு குறைந்தால் குளவியும் குறையும். பிறகு மறுபடி பூச்சி ஏறும். இந்த ஏற்ற இறக்கம் இயற்கையின் வழக்கம். அதற்கு மேல் மனிதன் சேர்ப்பது கொசுப்புகை. டெங்கு பரவும் மாதங்களில் தெருத்தெருவாக அடிக்கப்படும் புகைக்குக் கொசு எது, வண்ணத்துப்பூச்சி எது என்ற வேறுபாடு தெரியாது. அது மழைக்குப் பிந்தைய மாதங்களில், அதாவது புழுக்கள் இலையில் இருக்கும் அதே நாட்களில் அடிக்கப்படுகிறது. தேங்கிய நீரை அகற்றிக் கொசுவை முட்டையிலேயே தடுக்கும் வீடுகள் வண்ணத்துப்பூச்சிக்கும் சேர்த்தே நல்லது செய்கின்றன.

இன்னொரு காரணம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்றவை வலசை போகும் இனங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், ஏப்ரல் முதல் ஜூன் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கிளம்பி வருகின்றன. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மேற்கே திரும்புகின்றன. பூச்சியியல் ஆய்வாளர் கிருஷ்ணமேக் குந்தே 2005இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் இந்த வலசையைப் பற்றி விரிவாக எழுதினார். கோவையை மையமாகக் கொண்ட இயற்கை மற்றும் வண்ணத்துப்பூச்சிச் சங்கத்தினர் இதைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஆகவே அடையாற்றில் நீல வரியன் காணாமல்போனால், அது செத்துப்போனது என்று உடனே முடிவுகட்ட முடியாது. அது நீலகிரியின் சரிவில் இருக்கலாம்.

குறைந்த ஆண்டு வேறு, குறைந்துகொண்டே போகும் ஆண்டுகள் வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி எண்ணுவது. பிரிட்டனில் எர்னி போலார்ட் என்ற ஆய்வாளர் 1970களில் ஒரு எளிய முறையை வகுத்தார். ஒரே பாதை, வாரம் ஒருமுறை, வெயில் உள்ள நேரம். நடப்பவருக்கு முன்னால் ஐந்து மீட்டர், அகலம் ஐந்து மீட்டர், அந்தக் கட்டத்துக்குள் வரும் பூச்சிகளை மட்டும் எண்ண வேண்டும். 1976இலிருந்து அந்த நாடு இப்படி எண்ணிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அவர்களால் உறுதியாகப் பேச முடிகிறது. பொதுமக்கள் 15 நிமிடம் நின்று எண்ணும் கோடைக் கணக்கெடுப்பு அங்கே 2010இல் தொடங்கியது. 2024இல் அதில் ஓர் எண்ணிக்கைக்குச் சராசரியாக 7 பூச்சிகளே தெரிந்தன. முந்தைய ஆண்டு 12. கணக்கெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து அதுவே மிகக் குறைவு. ஈரமான வசந்தமும் குளிர்ந்த கோடையும் ஒரு காரணம் என்றார்கள். மறு ஆண்டு வெயில் நன்றாக அடித்தது, எண்ணிக்கை ஓரளவு மீண்டது. ஆனால் அரை நூற்றாண்டுக் கோட்டைப் பார்த்தால் அது கீழ்நோக்கித்தான் சரிகிறது. அமெரிக்காவில் 554 இனங்களின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்து 2025இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, 2000க்கும் 2020க்கும் இடையில் வண்ணத்துப்பூச்சிகளின் மொத்த எண்ணிக்கை 22 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது.

அப்படி ஐம்பது ஆண்டு எண்ணிய கணக்கு நம்மிடம் இல்லை. நமக்கு உள்ளவை நினைவுகள்: அந்தக் காலத்தில் தோட்டமெல்லாம் பூச்சி பறக்கும், இப்போது காணோம். அந்த நினைவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை எந்தத் திட்ட அலுவலகத்திலும் எடுத்துக்காட்டி ஒரு செடியைக்கூடக் காப்பாற்ற முடியாது. பூச்சி நிறைந்த ஆண்டில் எல்லோரும் படமெடுக்கிறார்கள், எல்லோரும் பதிவிடுகிறார்கள். குறைந்த ஆண்டில் கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பின்னாளில் ஒருவர் அந்த ஆண்டைத் திரும்பிப் பார்த்தால், பூச்சி இல்லையா, பார்த்தவர் இல்லையா என்றே தெரியாது. ஆகவே குறைந்த ஆண்டில்தான் வெளியே போக வேண்டும்.

எங்கே போவது? மயிலாப்பூரில் வசித்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் இதற்கு நல்ல முன்மாதிரி. 1950இல் தொடங்கி 1996இல் இறக்கும்வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். யானைக்கும் காட்டெருமைக்கும் காடு தேடிப்போனவர்தான். ஆனால் வீட்டுத் தோட்டத்து அணிலையும் காகத்தையும் பற்றி எழுதும்போதும் அதே கூர்மையோடு எழுதினார். பக்கத்தில் உள்ளதைப் பார்க்கும் அந்தப் பழக்கம்தான் குறைந்த ஆண்டில் கைகொடுக்கும்.

மயிலாப்பூரையே எடுத்துக்கொள்ளலாம். லஸ் பகுதியில் நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. அமிர்தாஞ்சனம் நிறுவனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரைத் தாங்கியது அது. காலை நடைக்கு வருபவர்கள் பாதையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது புதர் ஓரங்களில் சிறு நீலப்பூச்சிகள் விரல் நக அளவில் பறந்துகொண்டிருக்கும். குறைந்த ஆண்டிலும் இந்தச் சிறியவை ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன, ஏனென்றால் அவற்றின் புழுக்களுக்குப் புல்தரையில் முளைக்கும் சின்னஞ்சிறு பயறுவகைச் செடிகளே போதும். பெரிய அழகிகளைத் தேடிக் கண் மேலேயே இருப்பவர்களுக்கு இவை தெரிவதில்லை.

பூங்காவைவிடச் சுவையான இடம் மயிலாப்பூரின் சிவன் கோயிலைச் சுற்றி இருக்கிறது. சிவனுக்கு உகந்தவை என்று நாம் போற்றும் செடிகளில் பலவும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களின் உணவுத் தாவரங்கள். வில்வத்தில் எலுமிச்சை அழகி முட்டையிடும். சரக்கொன்றையில் கொன்னை வெள்ளையன் வளரும். எருக்கில் வெந்தய வரியன். அரளியில் வெண்புள்ளிக் கருப்பன். விநாயகர் சதுர்த்தியன்று மாட வீதிகளில் எருக்கம்பூ மாலை குவியும். அந்தப் பூவைக் கொடுத்த செடியின் இலைக்கடியில் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகள் போட்ட புழு ஒன்று இருந்திருக்கக்கூடும். நந்தவனம் வைத்திருக்கும் கோயில்கள் தெரிந்தோ தெரியாமலோ வண்ணத்துப்பூச்சிகளையும் வளர்க்கின்றன. மழை பொய்த்த ஆண்டில் இது இன்னும் முக்கியம். நந்தவனத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றும் இடத்தில் தளிர் இருக்கும். தளிர் இருக்கும் இடத்தில் முட்டை இருக்கும்.

தி.நகர் இந்த விஷயத்தில் கடினமான இடம். 1920களில் நீண்ட ஏரியை வடியவிட்டு, அதன் படுகையில் எழுப்பிய பகுதி அது. ஏரியோரத்துச் செடிகளெல்லாம் எப்போதோ போய்விட்டன. பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் நாற்புறமும் போக்குவரத்து சூழ நிற்கின்றன. இருந்தாலும் அங்கே பார்க்க வேண்டியது அடுக்குமாடிகளின் மதிலோரம். வேலிபோல வரிசையாக நட்டிருக்கும் நெட்டிலிங்க மரத்தில் டெய்ல்டு ஜே என்ற பச்சைப் புள்ளிக்காரி முட்டையிடுகிறாள். கரிய சிறகில் பளிச்சென்ற பச்சைப் புள்ளிகள். தேன் குடிக்கும்போதுகூடச் சிறகை நிறுத்தாத பூச்சி. வாசலில் அழகுக்கு வைத்த சைகஸ் செடியின் இளங்குருத்தைப் பிளெய்ன்ஸ் கியூபிட் என்ற நீலப்பூச்சியின் புழுக்கள் தின்னும். இட்லிப்பூச் செடியில் மங்கி பஸில். தென்னையில் பாம்ஃபிளை. வில்லைபோல் வெட்டிய வேலிச்செடிகளை மட்டும் வைத்து, களை என்று பெயர் சொல்லி மற்றதையெல்லாம் பிடுங்கும் வீட்டு வளாகங்களில் இவைகூட இருக்காது.

அடையாறு இந்த மூன்றில் செல்வமான பகுதி. பிரம்மஞான சபை 1882இல் தன் தலைமையிடத்தை ஆற்றின் தென்கரையில் அமைத்தது. அதன் வளாகம் இன்று 250 ஏக்கருக்கு மேல். 1989இல் அங்கிருந்த பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு சூறைக்காற்றில் விழுந்தது. விழுதுகள் தாங்கி நின்றன. ஆற்றின் மறுகரையில், குப்பை கொட்டிக் கிடந்த முகத்துவாரத்தை மீட்டு 58 ஏக்கரில் உருவாக்கிய தொல்காப்பியப் பூங்கா 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் காட்டுக் குழுவினர் அதற்காகச் சோழமண்டலக் கரையின் பழைய காட்டு மரங்களையும் புதர்களையும் தேர்ந்து நட்டார்கள். கொஞ்சம் மேற்கே போனால் 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காடு. அது கடலோரத்து உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம். இந்தக் காட்டுச் செடிகள் பல மாத வறட்சியைத் தாங்கப் பழகியவை. விழுதி, ஆதொண்டை போன்ற புதர்களை உண்டு வளரும் பைனியர் என்ற வெள்ளைப்பூச்சியும் அப்படியே. வறண்ட ஆண்டில் மற்றவை மெலிந்துபோனபின் கடற்கரையோரம் பறப்பது பெரும்பாலும் இதுவாக இருக்கும். நீர் ஊற்றி வளர்த்த அழகுச்செடி காய்ந்துபோகும் ஆண்டில் மண்ணுக்குரிய புதர் நின்று சோறு போடுகிறது. நகரத்தில் எதை நட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

குறைந்த ஆண்டில் தேடும் முறையும் மாற வேண்டும். பறக்கும் பூச்சியைத் துரத்துவதை விட்டுவிட்டுச் செடியிடம் போய் நிற்பது நல்லது. பூச்சி வரும், போகும். முட்டையும் புழுவும் அங்கேயே இருக்கும். அரளி இலையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தால் வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழு தொங்கக்கூடும். மெருகிட்ட வெள்ளிக் குமிழ்போல அது பளபளக்கும். பறக்கும் பூச்சி ஒன்றுகூடத் தெரியாத காலையில் இந்த ஒரு படம் முழு நாளையும் நிறைவாக்கிவிடும். ஆவணமாகவும் அது பறக்கும் பூச்சியின் படத்தைவிடக் கனமானது: அந்த இனம் அந்த இடத்தைக் கடந்துபோனது என்பதோடு, அங்கே பிறந்து வளர்கிறது என்பதையும் அது நிறுவுகிறது.

ஆண்பூச்சிகளை வரவழைக்க இரண்டு செடிகள் உண்டு: கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு. வரியன்களும் கருப்பன்களும் இவற்றின் காய்ந்த தண்டையும் கிழிந்த இலையையும் நகத்தால் கீறி உறிஞ்சும். இணையைக் கவரும் மணத்தைத் தயாரிக்க அவற்றுக்கு இந்தச் செடிகளின் ஆல்கலாய்டு வேண்டும். ஒரு கிலுகிலுப்பைப் புதரின் எதிரே பொறுமையாக அமர்ந்தால் மெலிந்த ஆண்டிலும் ஏதாவது ஒன்று வந்து இறங்கும். அதேபோல ஈரமண். தேனில் உப்பு மிகக் குறைவு. ஆண்பூச்சிகள் ஈரமண்ணில் வாய்க்குழலை இறக்கிச் சோடியத்தை எடுத்துக்கொள்கின்றன, பெண்ணோடு சேரும்போது அதைக் கொடுக்கின்றன. வறண்ட ஆண்டில் கசியும் குழாயடி ஒன்று நல்ல இடமாகிவிடும். பூவே இல்லாத மாதத்தில் அழுகிய வாழைப்பழத்தை ஒரு தட்டில் நிழலில் வைத்தால் காமன் பேரன், ஈவினிங் பிரவுன் போன்ற பூவை நாடாத இனங்கள் தேடி வரும்.

படமெடுக்க உகந்த நேரம் வெயில் ஏறும் காலை. வண்ணத்துப்பூச்சியின் உடலுக்குச் சொந்தச் சூடு கிடையாது. விடிந்ததும் சிறகை விரித்து வெயில் காய்ந்து உடலைச் சூடேற்றிக்கொண்டுதான் பறக்கும். ஏழரையிலிருந்து பத்து மணிவரை அது அசையாமல் இருக்கும், நெருங்க விடும். பத்துக்கு மேல் சூடேறிவிட்டால் நிற்காது. சென்னைக்கு இன்னொரு காரணமும் உண்டு. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும். அதன்பிறகு பூத்தண்டு ஆடிக்கொண்டே இருக்கும், நுண்படம் சாத்தியமே இல்லை. அடையாறும் மயிலாப்பூரைப் போலவே கடல் பக்கத்தில் இருப்பதால் இதை மறக்கக் கூடாது.

நெருங்கும்போது நிழல் அதன்மேல் விழக் கூடாது. நிழல் விழுந்தால் பறவை என்று நினைத்துப் பறந்துவிடும். உடம்பைத் தாழ்த்தி, மெல்ல, பூச்சியின் கண் மட்டத்துக்கு வர வேண்டும். நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. 70-300 ஜூம் லென்ஸில் சற்றுத் தள்ளி நின்றே எடுக்கலாம், பூச்சிக்கும் தொந்தரவு குறைவு. மூடிய சிறகை எடுக்கும்போது கேமராவின் பின்பக்கம் சிறகுக்கு இணையாக இருந்தால் நுனியிலிருந்து அடிவரை கூர்மையாக வரும். எஃப் 8, ஷட்டர் 1/250க்குக் குறையாமல் என்பது தொடங்கப் போதுமான அளவு. கைப்பேசியிலும் எடுக்கலாம், சிறிய மேக்ரோ கண்ணாடி ஒன்றை ஒட்டிக்கொண்டால் முட்டைகூடப் பதிவாகும், ஏனென்றால் முட்டை ஓடிப்போகாது.

எந்தப் பக்கத்தை எடுக்கிறோம் என்பதில்தான் படத்தின் பயன் இருக்கிறது. வெந்தய வரியன் நச்சுள்ள பூச்சி. எருக்கின் நஞ்சைப் புழுப்பருவத்திலேயே உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் தொடாது. டனாயிட் எக்ஃபிளை என்ற இன்னொரு பூச்சியின் பெண், நஞ்சே இல்லாமல் அச்சு அசலாக அதன் வேடத்தில் திரிகிறது. பின்சிறகைப் பார்த்தால் பிடித்துவிடலாம்: வெந்தய வரியனுக்கு அங்கே மூன்று நான்கு கரும்புள்ளிகள், வேடக்காரிக்கு ஒன்றே ஒன்று. கறிவேப்பிலை அழகியின் பெண்ணும் அப்படித்தான். ஆடுதீண்டாப்பாளையின் நஞ்சைச் சேர்த்துவைத்த சிவப்புடல் அழகியைப்போல ஒரு வடிவம், காமன் ரோஸைப்போல ஒரு வடிவம். சிறகு ஏமாற்றும், உடல் ஏமாற்றாது. நச்சுள்ளவற்றுக்கு உடல் சிவப்பு, நடிப்பவளுக்குக் கறுப்பு. ஆகவே பூவையும் சிறகையும் அழகாக அமைத்து உடலை மறைத்துவிட்ட படத்தைவிட, ஒளி சரியில்லாமல் உடலும் பின்சிறகும் தெரியும் படம் மேலானது. சிவப்புடல் அழகியும் டனாயிட் எக்ஃபிளையும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தவை. நகரத்துப் பூச்சிதானே என்று பிடித்து வைத்துக்கொள்ளக் கூடியவை அல்ல.

வறண்ட ஆண்டு சில பூச்சிகளின் சிறகிலேயே எழுதப்படுகிறது. லெமன் பான்ஸியும் ஈவினிங் பிரவுனும் மழைக்காலத்தில் சிறகின் அடிப்பக்கத்தில் தெளிவான கண்புள்ளிகளோடு பிறக்கும். உலர்காலத்தில் பிறப்பவற்றுக்கு அந்தப் புள்ளிகள் மங்கி, அடிப்பக்கம் சருகின் நிறத்துக்குப் போய்விடும். ஒரே இனம், இரு உடை. நவம்பர் மாதத்தில் சருகு உடையில் ஒரு பூச்சி தெரிந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி. மூடிய சிறகின் அடிப்பக்கத்தைத் தேதியோடு எடுத்து வைத்தால் அந்த ஆண்டு மழையைப் பற்றிய சாட்சியமாக அது நிற்கும்.

சிலர் படத்துக்காகப் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரக்கவைப்பதும், புழு இருக்கும் கிளையை ஒடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதும் உண்டு. எப்போதும் தவறு, குறைந்த ஆண்டில் மன்னிக்க முடியாத தவறு. பல முட்டைகளில் ஒன்றோ இரண்டோதான் சிறகு முளைக்கும்வரை பிழைக்கும் என்ற நிலையில், அந்த ஒன்றைப் படத்துக்காக இழக்க யாருக்கும் உரிமையில்லை.

பெயர் தெரியவில்லை என்று தயங்க வேண்டியதில்லை. இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் உள்ளன. சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பார்க்கக் கிடைப்பவை நூற்றுக்கு மேல். அவற்றில் முப்பதைத் தெரிந்துகொண்டால் நகரத்துக்குள் பார்ப்பதில் பெரும்பகுதியை அடையாளம் கண்டுவிடலாம். ஐசக் கெஹிம்கரின் இந்திய வண்ணத்துப்பூச்சிகள் நூல் 2008இல் வெளிவந்தது. தமிழில் டாக்டர் ஆர். பானுமதி எழுதி க்ரியா வெளியிட்ட அறிமுகக் கையேடு உள்ளது. தமிழ்ப் பெயர்களும் இப்போது புழக்கத்துக்கு வந்துவிட்டன. 2019இல் தமிழ்நாடு அரசு மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குரியது, சென்னையில் தேடினால் கிடைக்காது. ஆனால் அந்த அறிவிப்புக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் வண்ணத்துப்பூச்சிக்குப் பெயர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள், அது நல்லது.

பதிவது எப்படி? வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு பாதையைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நேரம், அரைமணி நடை. பார்த்ததை எண்ணிக் குறியுங்கள். ஒன்றும் தெரியாத நாளில் சுழியம் என்று எழுதுங்கள், தேதியும் நேரமும் வானிலையும் சேர்த்து. அந்தச் சுழியம்தான் குறைந்த ஆண்டின் அளவுகோல். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலோ, பெங்களூரு ஆய்வாளர்கள் நடத்தும் இந்திய வண்ணத்துப்பூச்சிகள் தளத்திலோ இடத்தோடு சேருங்கள். பெயர் தெரியாவிட்டால் அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள். 2020இலிருந்து ஒவ்வொரு செப்டம்பரும் நாடு முழுக்க வண்ணத்துப்பூச்சி மாதமாகக் கொண்டாடப்பட்டு எண்ணப்படுகிறது. சென்னையின் பெருமழை செப்டம்பருக்குப் பிறகுதான் வருகிறது என்பதால் நாம் அதோடு நிறுத்தாமல் ஜனவரிவரை எண்ண வேண்டும்.

வெளியே போக நேரமில்லாதவர்கள் பால்கனியில் உள்ள கறிவேப்பிலைத் தொட்டியைப் பாருங்கள். இலையின்மேல் பறவை எச்சம்போல ஏதாவது ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள், பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அது எலுமிச்சை அழகியின் இளம்புழுவாகவோ கறிவேப்பிலை அழகியின் இளம்புழுவாகவோ இருக்கும். இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் இலையை அதற்கு விட்டுக்கொடுங்கள். குழம்புக்குத் தாளிக்கக் கடையில் ஒரு கொத்து கிடைக்கும்.